கூப்பன் காலத்தில் கொழுத்த பிள்ளை

வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் பழைய படங்களைப் போடுகிறீர்கள். ஏழாம் வகுப்புப் படத்தில் நான் ஏன் இல்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஒருத்தி, "அந்த வருஷம் நீ வேற பள்ளிக்கூடத்திலயோ படிச்சனி?" என்று எழுதியிருந்தாள். இல்லை. அதே பள்ளிக்கூடம், அதே வகுப்பு, யன்னல் பக்கத்து வாங்கு. படம் எடுத்த அன்று நான் மலசலகூடத்துக்குள் போய் நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன்.

உங்களுக்கு ஞாபகம் இல்லை என்பதை நான் முழுதாக நம்பவில்லை. எனக்குப் 'பூசணி' என்று பேர் வைத்தவள் இந்தக் குரூப்பில் இருக்கிறாள். தினமும் காலையில் பூப்படம் அனுப்புகிறவள் அவள்தான். நான் சண்டைக்கு வரவில்லை. அறுபத்து நாலு வயதில் என்ன சண்டை. ஆனால் போன கிழமை காலி வீதியில், மரக்கறிக் கடை வாசலில், உங்களில் இன்னொருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கன்னமெல்லாம் ஊதிப்போய்க் கிடக்கு, மகன்ர காசு நல்லா வேலை செய்யுது" என்றாள். அது காசு இல்லை. மருந்துக் குளிசை. பன்னிரண்டு வயதில் வந்த வருத்தம், இவ்வளவு காலமும் அடங்கிக் கிடந்துவிட்டு, போன வருஷக் கடைசியில் திரும்பி வந்திருக்கிறது. அதே வெள்ளைக் குளிசை, அதே முகம். ஆகவே கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீளமாக இருக்கும். விருப்பம் இல்லாதவர்கள் பூப்படம் பாருங்கள்.

அது எழுபதுகளின் பாண் கியூ காலம், அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு. நீங்களும் அதற்குள்தான் வளர்ந்தீர்கள், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கூப்பனுக்குக் கிடைத்த அரிசி கிழமை முடிய முன்னம் முடிந்துவிடும். சீனியை ஆளுக்கொரு கரண்டி உள்ளங்கையில் போட்டு, நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணீர் குடித்தோம். பாமன்கடைப் பக்கம் ஒரு பேக்கரியில் பாண் போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் போதும், வெள்ளவத்தை முழுக்க அங்கே போய் நிற்கும். கொழும்பே மெலிந்துகொண்டிருந்தது. அப்பா அரசாங்கக் கிளார்க். தன் பெல்ட்டில் ஆணியால் மூன்று புது ஓட்டை போட்டார். எங்கள் கணக்கு ரீச்சரின் வளையல் கையை உயர்த்தினால் முழங்கை வரைக்கும் வழுக்கிப் போகும். அந்த வருஷத்தில் வெள்ளவத்தையில் கொழுத்தது நான் ஒருத்திதான்.

முதலில் வீங்கியது கால். பள்ளிக்கூடம் விட்டு வந்து சொக்ஸைக் கழற்றினால் அதன் வரி காலில் பள்ளமாகக் கிடக்கும். அம்மா கெண்டைக்காலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பிசைந்த மாவில் அழுத்தியது போலக் குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி நின்றது. அடுத்த கிழமை சப்பாத்துக்குள் கால் போகவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்திருந்தார்கள். சிறுநீரகம் ஓட்டைச் சல்லடை மாதிரி ஆகிவிட்டது, உடம்புக்கு வேண்டிய சத்து மூத்திரத்தோடு போகிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். உப்பு கூடாது. காலையில் நாலு வெள்ளைக் குளிசை. தான் சொல்லாமல் குளிசையை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்று மூன்று தரம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு ஒரு வேலையும் பழக்கிவிட்டார்கள். காலையில் முதல் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் நல்லது. தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு. சமையலறையில் அதைக் காய்ச்ச முடியாது என்று அம்மா குளியலறைக்குள் வைத்துக் காய்ச்சுவார். நீல நெருப்பு. கொதிக்கும்போது வருகிற மணத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து டாக்ஸியில் வரும்போதே அம்மா சொல்லிவிட்டார்.

"ஆர் கேட்டாலும் நெருப்புக்காய்ச்சல் வந்தது எண்டு சொல்லு. வேற ஒண்டும் வாயில வரக்கூடாது."

"ஏனம்மா?"

"கொக்காவுக்குக் கலியாணம் பேசுறது உனக்குத் தெரியும்தானே. கிட்னி எண்டு காதில விழுந்தால் பரம்பரை வருத்தம் எண்டு சொல்லிப்போடுவினம்."

அக்காவுக்கு இருபத்து நாலு வயது. ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை. மாப்பிள்ளை கணக்காளர், தாய் கொட்டாஞ்சேனையில் இருந்தா. எங்கள் சனம் பெண் எடுக்க முன்னம் எப்படி விசாரிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கோயிலில் விசாரிக்கும், சங்கக்கடையில் விசாரிக்கும், பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்பது போலப் போய் விசாரிக்கும். சாதகம் பொருந்திவிட்டது. விசாரிப்புத்தான் மிச்சம்.

அம்மாவின் பொய்யில் ஒரு பிழை இருந்தது. நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபொயிட் வந்த பிள்ளை மெலிய வேண்டும்.

முதல் பத்து நாளும் நான் மெலிந்தேன்தான். உடம்பில் நின்ற தண்ணீர் எல்லாம் போய், காறை எலும்பு தெரிந்தது. பிறகு குளிசை வேலையைத் தொடங்கியது. கன்னம் இரண்டும் உருண்டன. நாடிக்குக் கீழே இன்னொரு நாடி வந்தது. பிடரியில் சதை திரண்டது. மேல் உதட்டில் மயிர். வயிறு முன்னுக்குத் தள்ள, பள்ளிக்கூடச் சட்டையின் பொத்தான்களுக்கு நடுவே சிமிஸ் தெரிந்தது. கையும் காலும் மட்டும் குச்சியாகவே இருந்தன. கண்ணாடியில் நான் பார்த்தது யாரையோ. என் மூக்கை நடுவில் வைத்துக்கொண்டு வேறு யாரோ ஒருத்தி நின்றாள்.

அதோடு பசி. அந்தக் குளிசையின் பசி வேறு சாதி. சோறு தின்று கை கழுவிக்கொண்டு நிற்கும்போதே பசிக்கும். பச்சை மாவைத் தின்றேன். திருவின தேங்காயின் சிரட்டையைச் சுரண்டித் தின்றேன். ஒரு நாள் நம் வகுப்பில் ஒருத்தியின் சாப்பாட்டுப் பார்சல் காணாமல் போக, என் புத்தகப் பையைக் கொட்டிப் பார்த்தீர்கள். அன்று எடுத்தது நான் இல்லை. அதற்கு முந்தின கிழமை எடுத்தது நான். அதை யாரும் கவனிக்கவில்லை.

கூப்பன் அரிசி எடுக்கச் சங்கக்கடைக்கு அப்பாவோடு நான் போவது வழக்கம். மனேச்சர் ஒரு சிங்கள ஆள், பகிடிக்காரர். கூப்பனை வெட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "மாத்தயா, துவ ஹொந்தட்ட மஹத்வெலா நே" என்றார். மகள் நல்லாகக் கொழுத்துவிட்டாள் என்று. கியூவில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு யாரும் பார்வையை எடுக்கவில்லை. அந்தப் பார்வைக்கு அர்த்தம், இவர்கள் வீட்டில் எங்கேயோ அரிசி இருக்கிறது என்பதுதான். அப்பாவுக்கும் அது விளங்கியது. அடுத்த நாளில் இருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

பக்கத்து வீட்டு அன்ரி மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. மதிலுக்கு மேலால் அம்மாவிடம் நேரே கேட்டா.

"அக்கா, நெருப்புக்காய்ச்சல்காரி இப்பிடி உடம்பு வைக்கிறதை நான் எங்கையும் கண்டதில்லை. எந்தக் கடையில அரிசி எண்டு எங்களுக்கும் சொல்லுங்கோவன்."

"அரிசியோ? மரவள்ளிதான் அவிக்கிறன்."

"எங்கட வீட்டிலயும் மரவள்ளிதான். என்ர பிள்ளையளின்ர கன்னத்தை வந்து பாருங்கோ."

"காய்ச்சலுக்குப் பிறகு சில பிள்ளையளுக்கு ஊதும் எண்டு டொக்டர் சொன்னவர்."

"ஓமோ. அதுசரி, விடியக் காலமை குளியலறைக்குள்ள என்னக்கா காய்ச்சுறியள்? நெருப்புத் தெரியுது."

அம்மா என்ன சொல்லுவார். சுடுதண்ணீர் என்றார். வெள்ளவத்தை வெக்கைக்குள் சுடுதண்ணீர். அன்ரி "ஓமோ" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு உள்ளே போனா. அவவுக்கு நாலு பிள்ளைகள். நாலும் பசியோடு இருந்த பிள்ளைகள். அன்றைக்கு அவ மேல் எனக்கு ஆத்திரம். இன்றைக்கு யோசித்தால், அவவின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன்.

வீட்டுக்குள்ளும் சந்தேகம்தான். பாணை அப்பா நூல் பிடித்தது போல நாலாக வெட்டுவார். அக்கா தன் துண்டில் பாதியைத் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்து, பிறகு எனக்குத் தருவாள். அக்கா மெலிய மெலிய அம்மாவுக்குக் கோபம் ஏறியது. "பெண் பாக்க வாறவை வெறும் எலும்பையே பாக்கிறது?" என்று கத்துவார். நான் அக்காவின் பங்கைக் களவெடுக்கிறேன் என்று அம்மா நினைத்தார். அக்கா தான் தருவதாகச் சொன்னாள். அம்மா நம்பவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். ஒருத்தியைக் கொழுக்க வைத்துக் காட்ட வேண்டும், மற்றவளைக் காட்டவே கூடாது.

பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். அதற்குப் பதினொரு நாள் முன்னம், நான் முன் விறாந்தையில் கொப்பி எழுதிக்கொண்டிருக்க, அறைக்குள் அம்மாவும் அப்பாவும் கதைத்தது கேட்டது.

"அண்டைக்கு உவளைப் பின் அறைக்குள்ள விட்டுப் பூட்டத்தான் வேணும்."

"நாய்க்குட்டியே பூட்டி வைக்க?"

"வேற என்ன செய்யிறது? இந்த முகத்தைக் கண்டால் கேப்பினம். கேட்டால் என்ன சொல்லப் போறியள், சொல்லுங்கோ பாப்பம்."

அப்பா எப்போதும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார்.

அடுத்த நாள் காலையில் நான் குளிசையை விழுங்கவில்லை. முகம் வற்றினால் பூட்டத் தேவையில்லை, அவ்வளவுதான் என் கணக்கு. அம்மா கையில் தருவார், நான் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன், நாக்குக்குக் கீழே வைத்திருந்து யன்னலடிக்குப் போவேன். கடல் காற்றில் யன்னல் கம்பி துருப்பிடித்து, சட்டத்தில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. நாலு குளிசையும் அதற்குள். அந்தக் கைப்பு மத்தியானம் வரை வாயில் நிற்கும். காலையில் காய்ச்சுவதற்குக் கொடுக்கிற போத்தலில் கொஞ்சம் என்னுடையது, மிச்சம் குழாய்த் தண்ணீர். அம்மா காய்ச்சிப் பார்த்துவிட்டு, "நல்ல தெளிவு" என்று அப்பாவுக்குச் சொல்லுவார். அந்தப் பதினொரு நாளில் அம்மா சந்தோசமாக இருந்தது அந்த நேரம் மட்டும்தான்.

மூன்று நாளில் கன்னம் வற்றுவது போல எனக்குப் பட்டது. ஐந்தாம் நாள் தலை சுற்றியது. எட்டாம் நாள் ஓங்காளித்து வாந்தி வந்தது. சத்தி எடுத்ததை மறைத்தேன். கால் திரும்ப வீங்கியது, அதையும் சொக்ஸுக்குள் மறைத்தேன். பசி போய்விட்டது. அதை நான் வெற்றி என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முகம் வற்றியிருக்கவில்லை. இன்னும் பெரிதாக இருந்தது. அம்மா என்னை நிமிர்ந்து பார்க்காமல், "ஒரு மணித்தியாலம்தான் பிள்ளை, இருமாமல் இரு" என்று சொல்லிப் பின் அறைக்குள் விட்டு வெளியால் கொண்டி போட்டார்.

மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் வந்தார்கள். கோப்பைகள் இடிபடுகிற சத்தம். இரண்டு கிழமைச் சீனியை மிச்சம் பிடித்துப் போட்ட தேத்தண்ணீர். அக்காவின் சேலை மணம் கதவுக்குக் கீழால் வந்தது. எனக்கு நிற்க முடியவில்லை. பாயில் சரிந்தேன். பாயிலேயே சத்தி எடுத்தேன்.

அப்போதுதான் வாசல் படலை திறந்தது. அரசாங்கக் கூப்பன் பகுதியில் இருந்து இரண்டு உத்தியோகத்தர்கள். யாரோ பெட்டிசம் போட்டிருக்கிறார்கள், இந்த வீட்டில் அரிசி பதுக்கி இருக்கிறது என்று. பேர் போடாத பெட்டிசம். அதற்கு அத்தாட்சியாக எழுதியிருந்தது என்னைப் பற்றி: வீட்டின் சின்னப் பிள்ளையின் உடம்பைப் பார்த்தால் தெரியும் என்று. பதுக்கல் வழக்கு வந்தால் அப்பாவின் வேலை போய்விடும். அப்பா சிங்களத்தில் தடக்கித் தடக்கி மறுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் சமையலறையைத் திறந்தார்கள், அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள், கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். பிறகு கொண்டி போட்ட கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"மே காமரே மொனவத தியென்னே?"

அறைக்குள் என்ன என்று கேட்கிறார்கள். அம்மா, "ஒண்டும் இல்லை" என்றார். அப்படிச் சொன்னால் எவன் திறக்காமல் போவான்.

கொண்டி இழுபட்டது. வெளிச்சம். இரண்டு பேரின் சப்பாத்து. அவர்களுக்குப் பின்னால் அம்மா, அம்மாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு மாப்பிள்ளையின் தாய். இந்தப் பிள்ளை யார் என்று அந்த இரண்டு உத்தியோகத்தரில் பெரியவர் கேட்டார்.

அம்மா ஒரு கணம் மாப்பிள்ளையின் தாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிங்களத்திலும் தமிழிலும் இரண்டு தரம் சொன்னார்.

"இது எங்கட பிள்ளை இல்லை. சொந்தக்காரப் பிள்ளை. ஊரில இருந்து வந்து நிக்கிறாள்."

அம்மா கெட்டிக்காரி. ஒரே வசனத்தில் இரண்டு பக்கத்துக்கும் பதில். கொழுத்தது வேறு வீட்டுச் சோறு, ஆகவே பதுக்கல் இல்லை. வருத்தம் வேறு வீட்டு இரத்தம், ஆகவே பரம்பரை இல்லை. இன்றைக்கு எனக்கு அது விளங்குகிறது. அன்றைக்குப் பாயில் கிடந்த எனக்கு முதல் வசனம் மட்டும்தான் கேட்டது.

அக்கா முன் விறாந்தையில் இருந்து வந்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, கலியாணப் பேச்சுக்குக் கட்டின சேலையோடு அந்தச் சத்திக்குள்ளேயே என் பக்கத்தில் குந்தினாள். "மகே நங்கி" என்றாள் அந்தப் பெரியவரைப் பார்த்து. என் தங்கச்சி. "அசனீபயி." வருத்தம். பிறகு அப்பாவிடம், "அப்பா, கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றாள். அப்பா கொண்டுவந்தார். பெரியவர் கொப்பியைப் புரட்டினார், என் காலைப் பார்த்தார், பெட்டிசத்தை மடித்துப் பையில் வைத்தார். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்ஸி பிடித்துக்கொண்டு வந்தது பக்கத்து வீட்டு அன்ரி. ஓடிப்போய், செருப்பும் இல்லாமல், காலி வீதியில் மறித்துக்கொண்டு வந்தா. வழி முழுக்க என் தலை அவவின் மடியில். "நித்திரை கொள்ளாதை பிள்ளை, கதைச்சுக்கொண்டு வா" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தா. பெட்டிசம் எழுதியதும் அவதான் என்று நான் நினைக்கிறேன். குளியலறை நெருப்பைப் பற்றியும் அதில் எழுதியிருந்ததாக அப்பா பிறகு சொன்னார். அவவின் மகளும் இந்தக் குரூப்பில் இருக்கிறாள். வாசிக்கட்டும். இரண்டையும் செய்தது ஒரே கை என்றுதான் சொல்கிறேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சம்பந்தம் குழம்பியது. தரகர் வந்து காரணம் சொன்னார். வருத்தம் பெரிய விஷயம் இல்லையாம், பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்கிற வீட்டில் பெண் எடுக்க மனம் இல்லையாம். கேட்க நல்லாக இருக்கிறது. நான் இன்று வரைக்கும் நம்பவில்லை. அக்கா இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் முடித்தாள், நன்றாக இருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டால், "விடடி" என்பாள்.

என்னால் விட முடியாதது ஆஸ்பத்திரியில் நடந்தது. அதை அக்காவுக்கும் நான் சொன்னதில்லை.

என்னைக் கட்டிலில் போட்டு ஊசி ஏற்றிவிட்டு, டொக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். தமிழ் டொக்டர்தான்.

"குளிசையை எப்ப நிப்பாட்டினீங்கள்?"

"நிப்பாட்டேல்லை டொக்டர். நானே தினமும் காலமை நாலு குளிசை கையில குடுத்தனான்."

"பொய் சொல்ல வேண்டாம். பிள்ளை கொழுக்குது, ஆக்கள் கேக்கினம் எண்டு நிப்பாட்டிப்போட்டு இஞ்ச வந்து அழுற எத்தனையோ தாய்மாரை நான் பாத்திட்டன்."

"கடவுளறிய நிப்பாட்டேல்லை."

"மூத்திரம் காய்ச்சினீங்களோ?"

"ஒவ்வொரு நாளும். தெளிவாத்தான் இருந்தது."

"தெளிவாம்" என்றார் டொக்டர் நேர்ஸைப் பார்த்து. நேர்ஸ் அம்மாவை மேலும் கீழும் பார்த்தா. அந்த வருஷம் முழுக்க அம்மா சொன்ன பொய் எல்லாவற்றையும் ஆட்கள் அரைகுறையாகவாவது ஏற்றுக்கொண்டார்கள். சொன்ன ஒரே உண்மையை ஒருத்தரும் நம்பவில்லை. அப்பாவும் நம்பவில்லை. "உண்மையைச் சொல்லும், பிள்ளையின்ர உயிர்" என்றார். அன்றைக்குப் பிறகு குளிசைப் போத்தலை அப்பா தன்னிடமே வைத்துக்கொண்டார். கந்தோருக்குப் போகும்போதும் பையில் கொண்டுபோவார். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இரண்டு பேரும் போய்ச் சேரும் வரைக்கும் அந்தச் சந்தேகம் அவர்களுக்கு நடுவில் அப்படியே இருந்தது.

அம்மா கட்டிலடிக்கு வந்து குனிந்தார்.

"நீ சொல்லு பிள்ளை. அம்மா தந்தனானோ இல்லையோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கதைக்கச் சக்தி இருந்தது. கதைக்கக்கூடத் தேவையில்லை, தலையை ஒருதரம் ஆட்டியிருந்தால் போதும். சொந்தக்காரப் பிள்ளையிடம் ஏன் கேட்கிறா என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். இமை இரண்டும் அவ்வளவு வீங்கியிருந்தன, நானாக மூடினேனா, தானாக மூடியதா என்று டொக்டருக்கோ அப்பாவுக்கோ தெரிந்திருக்காது.

அம்மாவுக்குத் தெரிந்தது.